தனிக் கலைஞர் செய்த கைக்கடிகாரம்: புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியில் வாட்ச் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பேட்டரி மாற்றுவதும் ஸ்ட்ராப் போடுவதும்தான் அன்றாட வேலை. ஆனால் சில வருடங்களாகக் கடலூர், நெய்வேலி, திண்டிவனம் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, ஒரு தனி மனிதரோ ஒரு சின்னப் பட்டறையோ கையால் செய்கிற விலை உயர்ந்த கைக்கடிகாரங்களைப் பற்றி விசாரிக்கிறார்கள். வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பிய சிலர் வாங்கவே தயாராக வருகிறார்கள். அவர்களிடம் வாய்வழியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் இவற்றை விற்பவன் இல்லை, பழுது பார்ப்பவன். அதனால் எதைப் பற்றிக் கேட்டாலும் என் மனது "இது நின்றுபோனால் யார் திறப்பார்?" என்ற இடத்துக்குத்தான் போகும். வாங்க நினைப்பவர்களும் அந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிட வேண்டும் என்பதே என் ஆசை.

இன்டிபெண்டன்ட் வாட்ச்மேக்கர் என்று யாரைச் சொல்கிறார்கள்?

பெரிய குழுமத்துக்குச் சொந்தமில்லாமல், தன் பெயரில், தன் யோசனைப்படி வாட்ச் செய்பவரை. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். ரோலெக்ஸ் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் செய்வதாக மதிப்பிடுகிறார்கள். தன் பெயரில் செய்யும் எஃப்.பி. ஷூர்ன் செய்வது ஆயிரத்துக்கும் குறைவு. பிலிப் டுஃபூர் தன் 'சிம்ப்ளிசிட்டி' மாடலை 2000-ல் தொடங்கி, பத்து வருடத்துக்கு மேல் உழைத்துச் செய்து முடித்ததே 200-க்குச் சற்று மேல்தான்.

இவர்களுக்கு ஒரு சங்கமும் உண்டு. ஸ்வென் ஆண்டர்சன், வின்சென்ட் கலாப்ரேசே என்ற இரண்டு கலைஞர்கள் 1985-ல் தொடங்கியது, ஏ.எச்.சி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது எப்படிப்பட்ட காலம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்து ஸ்விட்சர்லாந்தில் பட்டறை பட்டறையாக மூடிக்கொண்டிருந்த நேரம். கையால் வாட்ச் செய்வது இனி எதற்கு என்று எல்லோரும் விட்டபோது, விடமாட்டோம் என்று சேர்ந்து நின்றவர்கள் அவர்கள்.

ஒரு எச்சரிக்கை. வெளியில் மூவ்மெண்ட், அதாவது வாட்ச்சை ஓட்டும் உள் எந்திரம், வாங்கி, கேஸ் என்னும் வெளிக்கூடும் டயலும் செய்யக் கொடுத்து, தன் பெயரைப் போட்டு விற்கும் சின்ன பிராண்டுகள் நிறைய உண்டு. அதில் தப்பே இல்லை, சில நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கும் இதே பெயரைச் சொல்லி விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள். "மூவ்மெண்ட் யார் செய்தது, மெருகு யார் ஏற்றியது?" என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

யார் யாரைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பட்டியல் நீளம். எனக்கு முக்கியமாகப் படுபவர்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஜார்ஜ் டேனியல்ஸ். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவில் தனியாக உட்கார்ந்து, கேஸ், டயல், முள், சக்கரம் என்று முழு வாட்ச்சையும் தன் கையாலேயே செய்தவர். ஒரு வாட்ச்சுக்கு வேண்டிய 34 கைத்தொழில்களில் 32-ஐக் கற்றவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். எஸ்கேப்மெண்ட் என்பது ஸ்பிரிங்கின் பலத்தைத் தட்டுத் தட்டாக விடும் அமைப்பு. அவர் கண்டுபிடித்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மெண்டில் உராய்வு குறைவு, எண்ணெயை நம்புவதும் குறைவு. அதைப் பல வருடங்கள் பல கம்பெனிகளிடம் எடுத்துக்கொண்டு அலைந்தார். கடைசியில் 1999-ல் ஒமேகா ஏற்றது. டேனியல்ஸ் 2011-ல் காலமானார். அவரிடம் தொழில் கற்ற ரோஜர் ஸ்மித் அதே தீவில் இன்றும் செய்துகொண்டிருக்கிறார்.

ஃபிரான்சுவா-போல் ஷூர்ன் மார்செய் நகரத்துக்காரர், 1957-ல் பிறந்தவர். பழைய கடிகாரங்களைச் சீர்செய்து செய்து கற்றவர். 1999-ல் ஜெனீவாவில் தன் பெயரில் தொடங்கினார். அவருடைய மூவ்மெண்டின் அடித்தட்டும், சக்கரங்களைத் தாங்கும் பிரிட்ஜ் தகடுகளும் முதலில் பித்தளையில் வந்தன, 2004-க்குப் பிறகு 18 காரட் தங்கத்தில் வருகின்றன. அதனால் அந்தத் தொடக்க காலப் பித்தளை மூவ்மெண்ட் வாட்ச்சுகளைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலைகிறார்கள்.

பின்லாந்துக்காரர் காரி வூட்டிலாய்னன், ஸ்விட்சர்லாந்தில் பட்டறை வைத்திருக்கிறார். டயலில் கை எந்திரம் சுழற்றிக் கீறும் கியோஷே வேலைக்கு அவரை மிஞ்ச ஆள் குறைவு. இளையவர்களில் ரெஜெப் ரெஜெபி. கொசோவோவிலிருந்து சிறுவனாக ஜெனீவா வந்து, பதின்ம வயதிலேயே பட்டெக் ஃபிலிப் என்ற பெரிய வாட்ச் கம்பெனியில் தொழில் பழகி, 2012-ல் தனியாகப் பட்டறை போட்டவர். 2018-ல் அவருடைய 'க்ரோனோமெட்ர் காந்தம்போரேன்' ஜெனீவாவின் கடிகார விருதில் ஆண்கள் வாட்ச்சுக்கான பரிசை வென்றது.

டுஃபூரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடுத்த பதில் முழுக்க அவர்தான்.

மூன்று முள்தானே இருக்கிறது? ஏன் இந்த விலை?

சிம்ப்ளிசிட்டியின் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மணி, நிமிடம், கீழே ஒரு சின்ன வட்டத்தில் நொடி. தேதிகூடக் கிடையாது. 34 அல்லது 37 மில்லிமீட்டர், தினமும் சாவி கொடுக்க வேண்டும். ஆனால் 2020 நவம்பரில், அந்த மாடலின் இருபதாம் ஆண்டுக்காகச் செய்த ஒன்று ஜெனீவா ஏலத்தில் 13 லட்சம் ஸ்விஸ் பிராங்கைத் தாண்டிப் போனது.

காரணம் பின்பக்கம் இருக்கிறது. வாட்ச்சைத் திருப்பினால் சக்கரங்களைத் தாங்கிப் பிடிக்கும் தகடுகள் தெரியும், பிரிட்ஜ் என்போம். சாதாரண வாட்ச்சில் எந்திரம் வெட்டிய விளிம்பு அப்படியே கூராக நிற்கும். நல்ல வேலையில் அந்த விளிம்பை 45 டிகிரி சாய்த்துச் சீவி, அந்தச் சாய்வை மட்டும் முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றுவார்கள். சாய்வின் அகலம் தொடக்கம் முதல் முடிவுவரை ஒன்றாக இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பட்டையில் இது நடக்கிறது.

இதில் இன்னும் கஷ்டமானது உள்மூலை. தகடு உள்பக்கமாக வளைந்து இரண்டு சாய்வுகள் சந்திக்கும் இடம். சுழலும் வெட்டுக்கருவியை வைத்து அந்த மூலையைச் செய்தால், கருவியின் வட்டம் அளவுக்கு மூலை உருண்டுதான் வரும். கோடும் கோடும் ஒரு புள்ளியில் கூராகச் சேர வேண்டுமானால் அரத்தையும் மரக்குச்சியையும் கையில் பிடித்துத்தான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. கடைசி மெருகுக்கு டுஃபூர் எடுப்பது ஜென்ஷியன் என்ற மலைச்செடியின் காய்ந்த தண்டு. அவர் வாழும் வாலே து ஷூ பள்ளத்தாக்கிலேயே விளைவது. அதன் நுனியைக் கூராக்கி, வைரப் பசை தொட்டு, விளிம்பு விளிம்பாகத் தேய்க்கிறார். அந்தப் பள்ளத்தாக்கில் நூறு வருடத்துக்கு முன் பாக்கெட் வாட்ச் செய்தவர்களின் முறை அது.

இன்னொன்று, ஸ்டீல் உறுப்புகளுக்குத் தரும் கறுப்பு மெருகு. வெள்ளீயத் தட்டின்மேல் வைரப் பசை தடவி, உறுப்பைத் தட்டையாக வைத்து, துளியும் சாயாமல் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். நன்றாக அமைந்தால், வாட்ச்சை மெல்லச் சாய்க்கும்போது ஒரு கோணத்தில் வெளிச்சம் பளீரென்று அடிக்கும், இன்னொரு கோணத்தில் அந்த உறுப்பு முழுக்கக் கறுப்பாகிவிடும். நடுவில் சாம்பல் நிறம் வரவே கூடாது. சாம்பலாகத் தெரிந்தால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கிறது. மறுபடியும் முதலிலிருந்து தேய்க்க வேண்டும்.

இதனால் வாட்ச் இன்னும் சரியாக ஓடுமா என்றால், பெரும்பாலான மெருகுக்கும் ஓட்டத்துக்கும் நேரடித் தொடர்பு குறைவு. பிசிறு போனால் உள்ளே உலோகத்தூள் விழாது, மெருகேறிய பரப்பு துருவைக் கொஞ்சம் தாங்கும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் செய்பவர் தன் வேலைக்குக் கொடுக்கும் மரியாதை. விலையும் அந்த மரியாதைக்குத்தான் என்று நான் நம்புகிறேன்.

கையில் கொடுத்தால் எதைப் பார்க்க வேண்டும்?

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ் போதும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பதே. முதலில் உள்மூலைகளைப் பாருங்கள், கூராக இருக்கின்றனவா, உருண்டிருக்கின்றனவா என்று. பிறகு ஸ்குரூ தலைகள். திருப்புளி வைக்கும் பள்ளத்தின் விளிம்பும் சாய்த்து மெருகேற்றியிருக்க வேண்டும், பள்ளத்தில் கீறல் இருந்தால் யாரோ பழக்கமில்லாதவர் திறந்திருக்கிறார். மாணிக்கக் கல் பதித்த குழியின் சுற்றுச்சுவர் மின்ன வேண்டும். கடைசியாக வாட்ச்சைச் சாய்த்துக் கறுப்பு மெருகைச் சோதியுங்கள்.

முன்னால் திரும்பி முள்ளைப் பாருங்கள். முள்ளின் நுனி நிமிடக் கோட்டைச் சரியாகத் தொடுகிறதா? நல்ல கலைஞர் அந்த நீளத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

என் குவார்ட்ஸ் வாட்ச் இதைவிடச் சரியாக ஓடுகிறதே?

ஓடும். அதில் சந்தேகமே வேண்டாம்.

குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. சிம்ப்ளிசிட்டியில் இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 தட்டு, அதாவது நொடிக்கு ஐந்து. ஆனால் அந்த ஐந்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 4,32,000 தட்டு. ஒரு நாளில் பத்து நொடி தப்பினாலும் அது 8,640-ல் ஒரு பங்குப் பிழைதான். மின்சாரமே இல்லாமல், சுருட்டி வைத்த ஒரு ஸ்பிரிங்கின் பலத்தில், தலைமுடியைவிட மெல்லிய ஹேர்ஸ்பிரிங் விரிந்து சுருங்கி இதைச் செய்கிறது. கடை மேசையில் எத்தனையோ வாட்ச்சுகளில் அந்தச் சக்கரம் மறுபடி ஆடத் தொடங்குவதைப் பார்த்துவிட்டேன். இன்றும் அந்த நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்க்கிறேன்.

ரெசோனன்ஸ் என்கிறார்களே, அது என்ன?

ஹாலந்து விஞ்ஞானி ஹைகன்ஸ் 1665-ல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரே சட்டத்தில் தொங்கவிட்ட இரண்டு பெண்டுலக் கடிகாரங்கள், எப்படித் தொடங்கிவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்கொன்று ஒத்திசைந்து ஆடின. சட்டத்தின் வழியாகப் போகும் மிக நுண்ணிய அதிர்வுதான் காரணம். பிறகு பாரிசில் ஆந்தீத் ஜான்வியே, ஆபிரகாம்-லூயி பிரெகே என்ற பழைய காலக் கடிகாரக் கலைஞர்கள் இதைக் கடிகாரத்தில் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

ஷூர்ன் 2000-ல் இதைக் கைக்கடிகாரத்துக்குள் கொண்டுவந்தார். ஒரே கேஸுக்குள் இரண்டு பேலன்ஸ் சக்கரங்கள் மிக நெருக்கமாக, ஒன்றையொன்று தொடாமல். கையை உதறினால் ஒன்று கொஞ்சம் முந்தும், மற்றது பிந்தும். பிறகு இரண்டும் தாமாகவே மறுபடி சேர்ந்துகொள்ளும். டயலிலும் இரண்டு மணிகள், ஒன்றில் நம் ஊர் நேரம், மற்றதில் பிள்ளைகள் இருக்கும் பாரிஸ் நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். புதுச்சேரியில் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.

டூர்பியான் இருந்தால்தான் உயர்ந்ததா?

இல்லை. டூர்பியான் என்பது பேலன்ஸ் சக்கரத்தையும் எஸ்கேப்மெண்டையும் ஒரு சின்னக் கூண்டில் வைத்துச் சுழலவிடும் அமைப்பு. பிரெகே 1801-ல் அதற்குக் காப்புரிமை வாங்கியது, சட்டைப்பையில் நேராக நின்றபடியே இருக்கும் வாட்ச்சில் புவியீர்ப்பு தரும் பிழையைச் சமன்செய்ய. கை ஓயாமல் அசைவதால் கைக்கடிகாரத்துக்கு அந்தத் தேவை குறைவு. செய்வது கடினம், பார்க்க அழகு. ஆனால் மோசமான டூர்பியானைவிட நன்றாக மெருகேற்றிய மூன்று முள் வாட்ச் எவ்வளவோ மேல்.

எங்கள் தாத்தாவின் பிரெஞ்சு வாட்ச் வீட்டில் இருக்கிறது. அது இந்த வகையா?

புதுச்சேரியில் என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா குடும்பங்களில், பீரோவுக்குள் துணிப்பையில் சுற்றி ஒரு வாட்ச் இருக்கும். லிப் என்ற பெயரை அடிக்கடி பார்க்கலாம். பிரான்சின் பெசான்சோன் நகரத்துக் கம்பெனி, 1867-ல் தொடங்கியது. அது தொழிற்சாலைத் தயாரிப்பு, தனிக் கலைஞரின் வேலை இல்லை. சந்தை விலையும் பெரிதாக இருக்காது.

அதற்காக அதை மட்டமாக நினைக்காதீர்கள். பழைய லிப் ஒன்றைத் திறந்தால், மூடியின் உள்பக்கம் ஊசியால் கீறிய பொடி எழுத்துகள் இருக்கும். முன்னால் சர்வீஸ் செய்தவர்கள் போட்ட தேதியும் அடையாளமும். பிரான்சில் ஒருவர், சைகோனில் ஒருவர், பிறகு இங்கே ஒருவர் என்று அந்த வாட்ச் போன வழியை அதிலேயே ஊகிக்க முடிகிற சந்தர்ப்பங்கள் உண்டு. சர்வீஸ் செய்து ஓடவிடுங்கள். பாலிஷ் மட்டும் போடாதீர்கள், டயலைப் புதிதாக எழுதவும் கொடுக்காதீர்கள். "பளபளன்னு ஆக்கிக் கொடுங்க அண்ணே" என்று கேட்பவர்களிடம் நான் மறுத்துவிடுகிறேன். கேஸின் கூர்விளிம்பு ஒருமுறை தேய்ந்துபோனால் திரும்ப வராது.

எப்படி வாங்குவது? முன்பணம் கேட்கிறார்களே?

பெயர் பெற்ற கலைஞர்களிடம் காத்திருப்புப் பட்டியல் வருடக்கணக்கில் ஓடும், சிலர் புதிய ஆர்டரையே நிறுத்திவிட்டார்கள். முன்பணம் கேட்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். பிரெகேயே கால்பங்கு விலையை முன்னால் வாங்கிக்கொண்டு, சந்தா வாட்ச் என்று எளிமையான ஒரு வகையைச் செய்து கொடுத்தார். ஷூர்னும் தன் முதல் இருபது டூர்பியான்களை அப்படி முன்கூட்டியே விற்ற பணத்தில்தான் தொழிலைத் தொடங்கினார்.

ஆனால் முன்பணம் என்பது அந்த மனிதரின் உடல்நலத்தையும் ஆயுளையும் நம்பிக் கொடுக்கும் பணம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் கொடுக்காதீர்கள். எவ்வளவு கொடுத்தால் என்ன கட்டத்தில் வேலை இருக்கும், தாமதமானால் என்ன, அவரால் முடிக்க முடியாமல் போனால் பணம் யாரிடமிருந்து திரும்பும் என்று மூன்றையும் கேளுங்கள். இதற்கு முன் வாங்கியவர் ஒருவரிடமாவது பேசுங்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்தவரிடம் வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். இன்று கோடிகளில் பேசப்படும் சிலரும் ஒருகாலத்தில் முன்பணத்தை நம்பி இருந்தவர்கள்தான்.

பழையதாக வாங்கலாமா?

வாங்கலாம், விற்பவரைப் பார்த்து. கேஸ் எண், மூவ்மெண்ட் எண், முதல் பில், சர்வீஸ் சீட்டு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பட்டறைக்கே எழுதி, இந்த எண் உங்களுடையதா, களவுப் புகார் உண்டா என்று கேட்டுவிடுங்கள். சின்னப் பட்டறையில் இருக்கும் பெரிய நன்மை இது. தான் செய்த ஒவ்வொன்றையும் நினைவில் வைத்திருப்பார்கள். ஷூர்ன் நிறுவனம் தன் பழைய வாட்ச்சுகளைத் தானே திரும்ப வாங்கிச் சீர்செய்து, சான்றோடு விற்கவும் செய்கிறது.

ரொக்கத்தில் பேரம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை.

வரி எவ்வளவு வரும்?

2018-லிருந்து இருந்த கணக்கு இது. அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம், அந்த வரியின்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, எல்லாவற்றையும் சேர்த்த தொகைமேல் 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. கூட்டினால் விலையில் 44 சதவீதத்தை ஒட்டி வரும். இந்தியாவும் ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளும் 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஸ்விஸ் வாட்ச்சுகளின் சுங்க வரி படிப்படியாகக் குறைகிறது. வாங்குகிற நாளில் என்ன விகிதம் என்று சுங்க முகவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்குள் கடையில் வாங்கினால், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வாட்ச்சுக்கு 2025 ஏப்ரல் 22 முதல் 1 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது விற்பவரே பிடித்துக் கட்டும் வரி, பிடிக்கிறார்கள். அது வருமான வரியில் கழிந்துவிடும், பயப்பட வேண்டாம்.

கையில் கட்டிக்கொண்டு வந்தால் தெரியாது என்று சொல்பவர்களை நம்பி, சென்னை விமான நிலையத்தில் வாட்ச்சை இழக்காதீர்கள். சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, வரி கட்டி, ரசீதை வாட்ச் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். நாளை விற்கும்போதும் அந்த ரசீதைத்தான் கேட்பார்கள். முதலைத் தோல் ஸ்ட்ராப் வன உயிரின வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வருவது. அனுமதிச் சீட்டு அலைச்சல் வேண்டாம் என்றால் கன்றுத்தோல் ஸ்ட்ராப்போடு அனுப்பச் சொல்லுங்கள்.

முதலீடாக வாங்கலாமா?

வேண்டாம். 2020-க்குப் பிறகு விலை ஏறிய வேகத்தைப் பார்த்துப் பலர் இறங்கினார்கள். 2022-ல் சந்தை திரும்பியபோது அவசரத்துக்கு விற்றவர்கள் நஷ்டப்பட்டார்கள். ஒருசில பெயர்கள் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கின்றன, அவை எவை என்பது ஏறிய பிறகுதான் தெரிகிறது. ஏலச் செய்தியில் வருவது விற்றுப்போன வாட்ச்சின் விலை. விற்காமல் திரும்பியதைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை. பெண்ணின் படிப்புக்கோ வீட்டுக்கோ ஒதுக்கிய பணத்தை இதில் போட நினைப்பவர்களை உட்காரவைத்து, வேண்டாம் தம்பி என்றே சொல்லியிருக்கிறேன்.

நம் கடற்கரைக் காற்றுக்குத் தாங்குமா?

கவனமாக இருந்தால் தாங்கும். இப்படிப்பட்ட வாட்ச்சுகளில் பெரும்பாலானவை 30 மீட்டர் என்று எழுதியிருக்கும். அந்த அளவு சோதனைக்கூடத்து அழுத்தம். கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குப் போதும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். சில்வர் பீச்சுக்கோ பாரடைஸ் பீச்சுக்கோ போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு வெள்ளத்தில் நனைந்த வாட்ச்சுகள் கடைக்கு வந்தன. திறந்து பார்த்தால் துரு எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்கியிருக்கும், சாவி கொடுக்கும் தண்டிலும் அதை ஒட்டிய சின்ன நெம்புகோலிலும். தண்ணீர் உள்ளே போக அதுவே வாசல். நனைந்துவிட்டால் வெயிலில் வைக்காதீர்கள், அரிசிக்குள் புதைக்காதீர்கள். அன்றைக்கே ஒரு கடிகாரக்காரரிடம் கொடுத்து, மூவ்மெண்டை வெளியே எடுத்து உலர்த்தச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீராக இருந்தால் மறுநாள்வரை காத்திருப்பதே தாமதம்.

தோல் ஸ்ட்ராப்புக்குச் சித்திரை வெயிலில் கெடு அதிகம். கழற்றியதும் வியர்வையைத் துடைத்து, காற்றாட வைத்துவிட்டுப் பிறகு பெட்டியில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

காந்தத்தையும் சொல்ல வேண்டும். இண்டக்ஷன் அடுப்பு, ஸ்பீக்கர், லேப்டாப் மூடியில் இருக்கும் காந்தம். ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வாட்ச் திடீரென்று நிமிடக் கணக்கில் வேகமாக ஓடும். உடைந்துவிட்டது என்று பயந்து வருவார்கள். காந்தம் இறக்கும் கருவியில் சில நொடி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதிர்வும் ஆகாது. புல்லட் பைக் ஓட்டுபவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம்.

சர்வீஸ் நீங்கள் செய்வீர்களா?

மாட்டேன். தண்ணீரில் நனைந்த அவசரத்தைத் தவிர, வேறு யாராவது செய்கிறேன் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

சாதாரண ஸ்விஸ் மூவ்மெண்டில் ஒரு உறுப்பு உடைந்தால் அதே எண்ணுள்ள இன்னொன்றை வாங்கிப் போடலாம். தனிக் கலைஞரின் வாட்ச்சில் ஒவ்வொரு சக்கரத்தையும் அந்த ஒரு வாட்ச்சுக்கென்று பொருத்தி, கையால் சரிசெய்திருப்பார். பேலன்ஸ் தண்டு முறிந்தால் லேத்தில் புதிதாகக் கடைய வேண்டும். அதைவிட, என் திருப்புளி ஒரு தடவை வழுக்கினால், அவர் நாள்கணக்கில் தேய்த்த மெருகில் கோடு விழுந்துவிடும். தங்க நகையில் பத்தர் செய்த கம்பி வேலையை வேறொருவர் நிமிர்த்தப் போனால் என்ன ஆகுமோ அதுதான்.

எண்ணெய் காய்வதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது பட்டறைக்கே அனுப்ப வேண்டியிருக்கும். போக வர, மாதக்கணக்கில் ஆகலாம், வருடம்கூட ஆகலாம். அனுப்பும்போது திரும்பி வருவதற்கான சுங்கக் காகிதங்களை முன்னாலேயே தயார் செய்யாவிட்டால், உங்கள் சொந்த வாட்ச்சுக்கே மறுபடி வரி கேட்பார்கள்.

இனி நான் முதலில் சொன்ன கேள்வி. அந்தக் கலைஞர் இல்லாமல் போனால்? இதற்கு ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு ஏற்பாடு இருக்கிறது. டேனியல்ஸுக்கு ரோஜர் ஸ்மித் இருந்தார். டுஃபூரின் மகள் டானியேலா அப்பாவோடு மேசையில் உட்கார்ந்து தொழில் செய்கிறார். ஷூர்ன் நிறுவனத்தில் 2018-ல் ஷனேல் 20 சதவீதப் பங்கை வாங்கியது. தனக்குப் பிறகும் பட்டறை நடக்க வேண்டும் என்பதே அதற்கு ஷூர்ன் சொன்ன காரணம். நீங்கள் வாங்க நினைப்பவரிடம் இப்படி ஒரு பதில் இருக்கிறதா? சீடர் உண்டா, வரைபடங்கள் பாதுகாப்பாக இருக்கின்றனவா, உதிரி உறுப்புகளைச் செய்து வைத்திருக்கிறாரா? கேட்கக் கூச்சப்படாதீர்கள். நல்ல கலைஞர் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சந்தோஷப்படுவார், அவரும் இரவில் இதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பார்.

என்னிடம் அவ்வளவு பணம் இல்லை. எங்கே தொடங்குவது?

எச்.எம்.டி. ஜனதாவில். 17 கல், சாவி கொடுப்பது, மணிக்கு 18,000 தட்டு, சிம்ப்ளிசிட்டியின் அதே தாளம். பெங்களூரில் 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு தொடங்கிய தொழிற்சாலையின் வழி வந்தது. நம் அப்பாக்கள் பலரின் கல்யாண வாட்ச் அதுவாகத்தான் இருக்கும். டயல் மாற்றாத, முள் மாற்றாத, நேர்மையான ஒன்றைத் தேடுங்கள். இணையத்தில் பளிச்சென்ற நிறங்களில் விற்பதில் பாதி, இருந்ததை அழித்து மறுபடி வண்ணம் பூசியது. தினமும் காலையில் சாவி கொடுத்துப் பழகினால்தான் இந்தப் பொருள் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரியும். பிடிக்காவிட்டால் பெரிய நஷ்டமில்லை.

அடுத்த படிக்கு, தனிக் கலைஞர்களிலேயே சில லட்சங்களில் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் ரிச்சர்ட், மரியா ஹாப்ரிங் என்ற கணவன் மனைவி. ஜெர்மனியில் ஸ்டெஃபான் குடோக்கே, அவருடைய 'குடோக்கே 2' குறைந்த விலைப் பிரிவில் 2019-ல் ஜெனீவா விருது வாங்கியது. கையால் கீறிய வேலை அதில் நிஜமாகவே உண்டு. என்னைக் கேட்டால், கடன் வாங்கிப் பெரிய பெயரைத் துரத்துவதைவிட இங்கே நிற்பது எவ்வளவோ நிம்மதி.

வாங்கியதை எப்படி வைத்துக்கொள்வது, பிள்ளைகளுக்கு எப்படி விடுவது?

லாக்கரில் வைத்தால் சாவி தீர்ந்து நிற்கட்டும், ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. காந்தப் பூட்டுள்ள நகைப்பெட்டியில் வைக்காதீர்கள். வீட்டுக் காப்பீட்டில் பொதுவாக எழுதாமல் தனிப் பொருளாக, எண்ணோடும் படத்தோடும் பதியச் சொல்லுங்கள்.

பில், சுங்க ரசீது, சர்வீஸ் சீட்டு, பட்டறையின் முகவரி, அங்கே யாரிடம் பேச வேண்டும் என்பது, இவற்றை ஒரே உறையில் போட்டு, மேலே தமிழில் பெரிதாக எழுதுங்கள்: எங்கே அனுப்ப வேண்டும், யார் திறக்கக் கூடாது என்று. அப்பா போன பிறகு, பெயர் தெரியாத வாட்ச் என்று நினைத்து, பீரோவைச் சுத்தம் செய்யும்போது பிள்ளைகள் பழைய சாமான்களோடு கொடுத்துவிடுவது நடக்கிற காரியம். உயிலில் தனி வரியாக எழுதி, எண்ணையும் குறிப்பிட்டுவிடுங்கள்.